குங்குமம் விழுந்த ஆம்ப்ளிஃபயர்

தரைக்கும் நாற்காலிக்கும் உயரம் ஒன்றரை முழம்தான் இருக்கும். அதை ஏற எனக்கு நான்கு வருடம் பிடித்தது. ஏறிய பிறகு இறங்குவதற்கு ஒரு சிட்டிகை குங்குமம் போதுமாயிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்து மெதுவாகத்தான் போகும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படிக்கலாம், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் இப்போது போல வரிசையாகக் கம்பெனிகள் வராத காலம். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு உருக்குகிற ஆலை ஒன்றிரண்டு புகைய ஆரம்பித்திருந்தன. புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்றில் மைக்செட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் கூட்டம், தீமிதி என்று எங்கே ஒலிபெருக்கி கத்தினாலும், மேசைக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி சூடேறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இல்லையா, அது. மேற்கே ஆர்.கே.பேட்டை வரைக்கும், கிழக்கே பழவேற்காட்டுக் குப்பங்கள் வரைக்கும் எங்கள் பெட்டிதான் கத்தியது.

அந்தப் பெட்டிக்குள் வால்வுகள் இருக்கும். கண்ணாடிக் குப்பி மாதிரி, உள்ளே ஒரு நெருப்புத் துளி எரியும். பெரிய வால்வு இரண்டு, கத்துவதற்கு. அவற்றுக்கு முன்னால் சின்ன வால்வு ஒன்று. வருகிற சத்தத்தை முதலில் கையில் வாங்கி, கொஞ்சம் ஊட்டி வளர்த்து, பெரியவற்றிடம் அனுப்பி வைப்பது அதுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பெரிய வால்வைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். ஆனால் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது முன்னால் நிற்கிற சின்னதுதான். எங்கள் வீட்டிலும் நாலரை அடி மாமியார்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வார்.

பெண்கள் நாங்கள் ஆறு பேர். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாமிரக் கம்பி சுற்றுவோம். ஆண்கள் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, சுடுகிற ஈயக்கோலால் ஈயம் உருக்கி, வயரிங் செய்வார்கள். கம்பி சுற்றுவதும் லேசான வேலை இல்லை. ஆனால் சுற்றியதைக் கொண்டுபோய்க் காகிதத்தில் பொதிந்து, இரும்புத் தகட்டுக்குள் மூடிவிடுவார்கள். செய்தவள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். வயரிங் அப்படி இல்லை. பெட்டியைக் கவிழ்த்தால் கண்ணுக்கு முன்னால் தெரியும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று முதல் நாளே தோன்றிவிட்டது. வெளியே சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

ஒருநாள் ரெசிஸ்டர் தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரி சாய்ந்து விழுந்தது. ரெசிஸ்டர் என்பது கடலைப்பருப்பை நீட்டிவிட்டது போல ஒரு சின்ன உருளை. இரண்டு பக்கமும் கம்பி மீசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அதை எண்ணாக எழுத மாட்டார்கள். வண்ணப் பட்டைகளாகப் போட்டிருப்பார்கள். எல்லாம் கலந்து தரை முழுக்கக் கிடந்தது. வயரிங் மேசைக்காரர்கள் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். நான் சாக்கிலிருந்து எழுந்து போய், வளையல் கடைக்காரி கலர் பிரிப்பது போலப் பிரித்து அடுக்கிவிட்டேன். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

முதலாளி சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர். தெலுங்கு கலந்து பேசுவார். வந்து பார்த்தார்.

"ஏம்மா, இத யாரு பிரிச்சது?"

"நான்தான் மொதலாளி."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"பேப்பர் படிக்கணும்னா நேரமாவும். இது படிக்க நேரமாவாது."

எனக்கு ஒரு வழி இருந்தது. பழுப்பு, பச்சை, சிவப்பு என்று மூன்று பட்டை வந்தால் அது 'மரம், இலை, பழம்'. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 'மரம், கரி, மஞ்சக்கிழங்கு'. பழுப்பு, பச்சை, ஆரஞ்சு என்றால் 'மரம், இலை, கிச்சிலி'. கிச்சிலிப்பழத்தைத்தான் சொல்கிறேன். எத்தனை ஓம்ஸ் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எது எங்கே போக வேண்டும் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

முதலாளி என்னை வயரிங் மேசைக்கு மாற்றுகிறேன் என்றதும் மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. மேஸ்திரி மெட்ராஸில் இருபது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். காதில் எப்போதும் பென்சில் சொருகியிருக்கும். அதை எடுத்து எழுதி நான் பார்த்ததில்லை.

"மொதலாளி, எழுத்து தெரியாத பொம்பள கையில ஈயக்கோல குடுத்தீங்கன்னா, நாளைக்கு மைக்ல பேசுறவன் ஷாக் அட்ச்சு மேடையிலயே படுத்துக்குவான்."

"பேசுறது நின்னா ஊருக்கு நல்லதுதானே மேஸ்திரி" என்றேன் நான்.

முதலாளி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இதோ பாரும்மா. வயரிங்ல ஒரு தப்பு வந்துச்சுன்னா மறுபடி தரைதான். ஒண்ணே ஒண்ணு. சம்மதமா?"

"தப்பே வராது மொதலாளி."

இப்படி வாய்விட்டது நான்தான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

நாற்காலி பிரம்புப் பின்னல் போட்டது. முதுகு சாய்க்கலாம். உட்கார்ந்தால் சன்னல் வழியாக ரோட்டில் போகிற லாரி தெரியும். என்னோடு கம்பி சுற்றிய பக்கத்துச் சாக்குக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, மேல காத்து எப்டி கீது? எங்க தலையெல்லாம் எறும்பு மாதிரி தெரியுதா?" என்பாள். "எறும்பு கூட உத்துப் பார்த்தா தெரியும், நீ தெரியல" என்பேன் நான். அவள் சாக்கிலிருந்தே ஒரு கம்பித் துண்டை எடுத்து என் மேல் வீசுவாள். நாங்கள் சிநேகிதிகள்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒருவன் கித்தாரோடு வந்தான். இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பான், சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பான். முடியைக் காதுக்குக் கீழே வளர்த்திருந்தான். அவனைக் கித்தார்த் தம்பி என்றே கடைசி வரை கூப்பிட்டோம்.

"மேஸ்திரி அண்ணே, மைக்செட்டுல சொருகினா என் கித்தாரு தகர டப்பா மாதிரி கேக்குது. எனக்குன்னு தனியா ஒரு பொட்டி பண்ணிக் குடுங்க. சர்ச்சுல வாசிக்கச் சொல்ல தேன் மாதிரி ஊத்தணும். டான்ஸ் பாட்டு வந்தா சொம்மா கிழிக்கணும். நடுவுல ஒரு சோகப் பாட்டு வந்தா அழுவணும்."

"ஒரே பொட்டியில கல்யாணமும் கருமாதியும் கேக்குறியே" என்றார் மேஸ்திரி. "இதுல குரலுக்குன்னு ரெண்டு திருகுதான் கீது. ஒண்ணு கனம், ஒண்ணு மெலிசு. கூட்டலாம், கொறைக்கலாம். அவ்ளோதான்."

"ரெண்டையும் முழுசா தொறந்தா?"

"ரெண்டையும் முழுசா தொறந்தா ஒண்ணையும் தொறக்காத மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் ஏறும்."

மேஸ்திரி சொன்னது சரிதான். நானும் அந்தத் திருகுகளை ஆயிரம் தடவை திருகிப் பார்த்தவள். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு கூட்டலாம், புளி குறைக்கலாம். எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் சட்டியில் இருப்பது கத்தரிக்காய்தான். ஆனாலும் முதலாளி ஆர்டரை வாங்கிக்கொண்டார். சின்ன வால்வைத் தாண்டியதும் இன்னும் ஒரு படி சேர்த்தால் கித்தார் கொஞ்சம் உரக்க வரும் என்று மேஸ்திரி பேனாவால் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். படம் எனக்குப் புரியாது. எந்த இடத்தில் எந்தக் கலர் என்று அவர் வாயால் சொன்னார், நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று கொட்டகையைக் கழுவி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. திருப்புளி, ஈயக்கோல், சுற்றும் மெஷின், தராசு, மேஸ்திரியின் சைக்கிள், கக்கூஸ் தாழ்ப்பாள் வரைக்கும் வைத்தேன். ஓரிடத்தில் நின்றிருந்தால் மேஸ்திரிக்கும் வைத்திருப்பேன். ரெசிஸ்டர் தட்டுகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது ஒரு தட்டு கையிலிருந்து நழுவிப் பக்கத்துத் தட்டில் கவிழ்ந்தது. குங்குமக் கையோடு பிரித்துப் பொறுக்கி, இரண்டையும் திரும்ப வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்குகிற வேலை நல்லபடி முடியும் என்பார்கள். முதல் வேலையாகக் கித்தார்ப் பெட்டியின் வயரிங்கை எடுத்தேன். விரலில் அப்போதும் சிவப்பு போகவில்லை. மரம் இலை பழம், மரம் கரி மஞ்சக்கிழங்கு என்று சொல்லிச் சொல்லி வைத்து, ஒவ்வொரு இணைப்பும் வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னும்படி ஈயம் வைத்தேன். மேஸ்திரி வழக்கம் போலக் குனிந்து, திருப்புளியின் கட்டைப் பிடியால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்து, "சரி" என்றார். மைக்கைச் சொருகி "ஹலோ, ஹலோ" என்றார். குரல் ஒழுங்காக வந்தது.

கித்தார்த் தம்பி வந்து வயரைச் சொருகினான். மெதுவாக ஒரு கம்பியைத் தடவினான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கையை ஓங்கி அதே கம்பியை ஓர் அடி அடித்தான்.

பெட்டி உறுமியது. எப்படிச் சொல்வது? நெல் அரைக்கிற மில்லின் பெல்ட்டும், கோபம் வந்த எருமையும், தொண்டை கட்டிய நாகஸ்வரமும் ஒரே வாயால் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. சாக்கில் இருந்த பெண்கள் கம்பியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். மேஸ்திரி, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று சுவிட்சை அணைக்க ஓடினார்.

கித்தார்த் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "இதான்! மேஸ்திரி அண்ணே, இதான்! இத்தத்தான் நான் இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தேன்!"

மெதுவாகத் தடவினால் சாதுவாகப் பேசியது. ஓங்கி அடித்தால் உறுமியது. திருகைத் தொடவே வேண்டாம், விரல் பலத்திலேயே இரண்டு குணமும் வந்தது. எப்படி வந்தது என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப அங்கேயே வைத்தார்.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூஜை போட்டு முதல் பொட்டி. சரஸ்வதியே எறங்கிட்டா."

"வயரிங் யாருது?" என்று கேட்டான் தம்பி.

"என்னுது" என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன். "என் கை அப்படி."

அன்றைக்கு நாஷ்டாவுக்கு எனக்கு இரண்டு வடை கூடுதலாக வந்தது. சாக்குக்காரி கூட, "கை ராசிக்காரிப்பா" என்றாள். ஒரு மாதம் அந்தப் பெருமையிலேயே போனது. கித்தார்த் தம்பி பொன்னேரியில் வாசித்தானாம், ஆரணியில் வாசித்தானாம், கூட்டம் விசில் அடித்ததாம். ஒவ்வொரு செய்தியும் வர வர என் முதுகு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை பெட்டி திரும்பி வந்தது. குறை ஒன்றும் இல்லை, தூக்குகிற கைப்பிடி கழன்றுவிட்டது. ஷிப்டுக்குப் போகிற வழியில் வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று போனான். கைப்பிடி ஆணி உள்ளிருந்து முடுக்குவது. நான் பெட்டியைக் கவிழ்த்தேன். கவிழ்த்ததும் என் கைவேலையை ஒரு தடவை ரசித்துப் பார்த்தேன். தன் பிள்ளையை யார்தான் பார்க்க மாட்டார்கள்.

மரம் இலை பழம் இருக்க வேண்டிய இடத்தில் மரம், இலை, கிச்சிலி இருந்தது.

முதலில் நம்பவில்லை. சன்னல் பக்கம் திருப்பினேன். அதே கிச்சிலி. பட்டையின் ஓரத்தில் செம்மண் போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். குங்குமம். தட்டு கவிழ்ந்த அன்று என் விரலிலிருந்து கிச்சிலியின் மேல் ஒட்டி, அதைப் பழமாக்கியிருக்கிறது. நானும் பழம் என்றே எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு மாதம் வால்வுச் சூட்டில் காய்ந்து குங்குமம் உதிர்ந்துவிட்டது.

அந்த இடத்து ரெசிஸ்டர் சின்ன வால்வின் ஒரு காலுக்குப் போகிறது. வால்வுக்குள் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். பழம் போட்டால் வால்வு தாராளமாக மூச்சு விடும். வயரிங் மேசையில் காதில் விழுந்த கணக்குப்படி கிச்சிலி பத்து மடங்கு பெரியது, கழுத்தைப் பிடித்தது போல. மெதுவாகப் பேசினால் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் "ஹலோ ஹலோ" சரியாக வந்தது. ஓங்கிக் கத்தினால் தொண்டை கிழியும். ஊரெல்லாம் விசிலடித்த அந்த உறுமல் வேறு ஒன்றும் இல்லை. என் தப்பினால் மூச்சுத் திணறிய ஒரு வால்வு.

ஒரு தப்பு வந்தால் தரை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான் அப்போது தம்பிக்குத் துரோகம் செய்வதாக நினைக்கவே இல்லை. நோயோடு இருக்கிற குழந்தைக்கு மருந்து கொடுக்கிறோம், இனிமேல் இன்னும் நன்றாகப் பாடும் என்றுதான் நினைத்தேன். என் கையால் வைத்த தப்பு ஒன்று ஊர் ஊராகச் சுற்றுவதை என்னால் தாங்க முடியாது. கிச்சிலியைப் பிடுங்கி, பழத்தைப் பொருத்தி, ஈயம் வைத்து, கைப்பிடியை முடுக்கி வைத்துவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தேன். சோறு இறங்கியது, நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலை தம்பி சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

"இன்னா பண்ணீங்க என் பொட்டிய? ஒரு ரவுடியக் குடுத்தேன், பூசாரி ஆக்கித் திருப்பிக் குடுத்துக்கீறீங்க!"

சொருகிக் காட்டினான். ஓங்கி அடித்தான். தெளிவாக, சுத்தமாக, மணி மாதிரி வந்தது. என் காதுக்கு அத்தனை அழகு. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஞாயித்துக்கெழம கவரைப்பேட்டையில கச்சேரி. இந்தக் கொரல வெச்சிக்கினு தாலாட்டுதான் பாடணும்."

மேஸ்திரி வேலையில் இறங்கினார். திருகை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். கனத்தைக் கூட்டினால் போர்வைக்குள்ளிருந்து பேசியது. மெலிசைக் கூட்டினால் கொசு பேசியது. வால்வை மாற்றிப் பார்த்தார், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தார். தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"கிட்ட வருதா?"

"இல்லண்ணே."

"இப்ப?"

"இப்ப பல்லு புடுங்கினா மாதிரி கீது. அன்னிக்கு பல்லு இருந்துச்சு."

"பல்லா? வால்வுக்கு எங்கடா பல்லு?"

வெள்ளிக்கிழமை வரைக்கும் இதே கூத்து. நான் என் மேசையில் குனிந்து வேறு பெட்டிக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். திருகுகள் பின்னால் வருகிறவை. முன்னால் கிழியாத தொண்டையைப் பின்னால் திருகிக் கிழிக்க முடியாது. இது எனக்குத் தெரியும், சொன்னால் நாற்காலி போகும். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரைஸ் மில்லில் காது போனவர் அவர். நான் எது சொன்னாலும் தலையாட்டுவார், அதனால்தான் எங்கள் குடும்பம் ஒரு சண்டை இல்லாமல் ஓடியது. அன்றைக்கும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"மேஸ்திரி, நேரா கேக்குறேன். அந்தப் பொட்டியில நல்ல வால்வு இருந்துச்சு. கைப்பிடி போட வந்தப்ப நீ அத எடுத்துட்டு வேற வால்வு வெச்சிட்டியா?"

மேஸ்திரி கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்தார். வெளியே போய், தன் சைக்கிள் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டார். சைக்கிளில் நான் வைத்த பொட்டு இன்னும் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. அந்த மனிதரோடு எனக்கு ஆயிரம் வாய்ச்சண்டை இருக்கலாம். ஆனால் ஒரு திருகாணியைக் கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. அது எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். வாய் தவறிவிட்டது, அவ்வளவுதான். தவறிய வாயை யாராவது திருத்த வேண்டும்.

ஈயக்கோலை வைத்தேன். எழுந்தேன். என் தட்டிலிருந்து அந்தக் கிச்சிலியை எடுத்தேன். மீசை கருகிப் போயிருந்தது, தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தேன்.

"மொதலாளி, மேஸ்திரியக் கூப்பிடுங்க. வால்வ யாரும் தொடல. பழம் வெக்கிற எடத்துல நான்தான் கிச்சிலி வெச்சிட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார், பழக்கடை ஏதாவது வந்திருக்கிறதா என்பது போல. நான் நிதானமாக விளக்கினேன். பூஜை, தட்டு, குங்குமம், எல்லாம். மேஸ்திரியும் உள்ளே வந்து நின்றார்.

"அப்போ அந்த சத்தம் தப்புல வந்துச்சா?" என்றார் முதலாளி.

"தப்புலதான் வந்துச்சு."

கித்தார்த் தம்பி என் காலில் விழாத குறை. "அக்கா, அந்தத் தப்பத் திருப்பிப் போடுக்கா!"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. "தெரியாம செய்யறது வேற தம்பி. தெரிஞ்சிக்கினே தப்பு வெக்க என் கை வராது. வேற ஆளப் பாரு."

"அக்கா, கச்சேரிக்கா!"

"எனக்கு மானம்டா!"

முதலாளி கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. மேஸ்திரி, பொட்டிய நீதானே பாத்து சரின்னு சொன்னே? கிச்சிலி உன் கண்ணுக்குத் தெரியல?"

பெண்கள் சுற்றும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"குங்குமம் இருந்திருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்ணுதான் மொதலாளி. செவப்பும் ஆரஞ்சும் எனக்குப் பிரியாது. பொறந்ததுலேர்ந்தே. தட்டிப் பாப்பேன், ஆடலன்னா சரின்னு சொல்லுவேன்."

"இருபது வருஷம் ரேடியோ ரிப்பேர் எப்டிய்யா பண்ண?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவன கேட்டுக்குவேன்."

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "கலர் தெரியாத மேஸ்திரி. எழுத்து தெரியாத வயர்மேன். கிழிஞ்ச சத்தத்துக்கு அழுவுற கித்தாருக்காரன். நல்லா வெச்சிருக்கேன்டா கம்பெனி, பேஜாரு." பிறகு எழுந்து போய் மேஸ்திரியின் தோளில் கை வைத்தார். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. "சாப்டு போ" என்றார். அவ்வளவு போதும், மேஸ்திரி சாப்பிட்டார்.

வழியைக் கண்டுபிடித்தது மேஸ்திரிதான், அதை மறைக்க மாட்டேன். ஒரு சுவிட்ச் போட்டு, ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் கிச்சிலி வைத்துவிட்டால், வேண்டியவன் வேண்டியதைத் தட்டிக்கொள்ளலாம் என்றார். என் மானத்துக்கும் அது ஒத்துவந்தது. பெட்டியில் சரியானதும் இருக்கிறது. தப்பான பக்கம் தட்டினால் அது தட்டியவன் பாடு. நானே வைத்துக் கொடுத்தேன். சுவிட்சைத் தட்டும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அதைப் போக்க முடியவில்லை. அடையாளத்துக்கு என்ன எழுதுவது என்று முதலாளி கேட்டார். தப்புப் பக்கம் சிவப்பில் ஒரு பொட்டு வை என்றேன். குங்குமம் வேண்டாம், பெயிண்டு. குங்குமத்தை நான் ஒரு தடவை நம்பியாயிற்று.

"அக்கா, சர்ச்சுல ஃபாதர் கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றான் தம்பி.

"செவப்பு தட்டினா ஆபத்துன்னு அர்த்தம்னு சொல்லு. ரயில்வே மாதிரி."

பெட்டியைக் கொடுத்து முடித்ததும், நான் என் சோற்றுத் தூக்கையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்னால், போய்ச் சாக்கில் உட்கார்ந்தேன். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேச்சு பேச்சுதான் மொதலாளி. ஒரு தப்புன்னு சொன்னீங்க. ஒண்ணு வந்துடுச்சு" என்றேன். சாக்குக்காரி நகர்ந்து இடம் விட்டாள். "வா எறும்பே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக் கச்சேரிக்கு நான் போயிருந்தேன், சாக்குக்காரியும் வந்தாள். தம்பி நல்ல பக்கத்தில் தொடங்கி, மூன்றாவது பாட்டில் சிவப்புப் பக்கம் 'டப்' என்று தட்டினான். உறுமியது, கூட்டம் விசிலடித்தது. ஆனால் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்றிரண்டு கம்பி தட்டினால்தான் அது உறுமல். ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால் ரேஷன் கடையில் சர்க்கரை வந்த மாதிரி, யார் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்காது. இன்னொன்று, அவன் தப்பாக வாசித்த இடம் சிவப்புப் பக்கத்தில் இரண்டு மடங்கு தப்பாகக் கேட்டது. "உன் பொட்டி இதுக்கு ஒண்ணும் பண்ணாதா?" என்று கேட்டாள் சாக்குக்காரி. "விரலுக்கு நான் வயரிங் பண்ணலடி" என்றேன்.

திங்கட்கிழமை நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மேஸ்திரி ஒரு ரெசிஸ்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது இன்னா கலரு?"

"பழம்."

போனார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார். "இது?"

"கிச்சிலி."

இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்க அவருக்கு வெட்கம். என்னைக் கேட்பதில் வெட்கம் இல்லை போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் எத்தனை தடவை வந்தார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவை அவர் குனிந்து நிமிரும்போதும் இடுப்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. செவ்வாய்க்கிழமையும் இதே நடை. புதன்கிழமை காலை நான் சுற்றும் மெஷினில் எண்ணிக்கை தவறுகிற அளவுக்குக் கேட்டார்.

"மேஸ்திரி, எனக்கு இங்க வேல ஓடல."

"எனக்கு மட்டும் ஓடுதா?" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் அந்தப் பிரம்பு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, சாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கொட்டகை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி கணக்கு நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எதையும் பார்க்காதவர் போல இருந்தார்.

"ஏறி உக்காரும்மா" என்றார் மேஸ்திரி. "நான் போட்ட படத்துல தப்பு வராது. உன் கண்ணுல வராது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

"மொதலாளி ஒரு பேச்சு சொல்லியிருக்காரே."

"வயரிங்ல தப்பு வந்தாத்தானே?" என்றார் முதலாளி நோட்டுக்குள்ளிருந்தே. "வந்தது குங்குமத்துல. குங்குமத்த வேலைய விட்டு நிறுத்தியாச்சு."

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். "இங்க வெளிச்சம் இல்ல மேஸ்திரி. கலர் எப்டி தெரியும்? சன்னல்கிட்ட போடுங்க."

அவர் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னலோரம் போட்டார். பின்னாலேயே நடந்து போய் உட்கார்ந்தேன். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டேன். ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் இருந்ததை நீட்டினார்.

"இது இன்னா, பழமா கிச்சிலியா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பழம். ஆனாலும் வாங்கி, சன்னல் பக்கம் திருப்பி, விரலால் ஒரு தடவை நன்றாகத் தேய்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, அவரைக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் சொன்னேன்.